கெபிக்கு அடியில் ஊற்று

1958 அக்டோபர் 21, செவ்வாய்

விடியற்காலை முதல் மழை. பள்ளி உண்டு என்று நினைத்துப் புறப்பட்டேன். தெரு முனையிலேயே பியூன் எதிரே வந்து விடுமுறை என்று திருப்பி அனுப்பினான். செருப்பு வார் அறுந்தது.

வீட்டுக்கு வந்தால் குளியலறையில் கணுக்கால் தண்ணீர். வாசல் வழியாக வந்ததல்ல. சுவரோரத்து ஓட்டை வழியாக, தண்ணீர் வெளியே போகவேண்டிய வழியாகவே, உள்ளே வந்துகொண்டிருந்தது. கறுப்பு. வாழைப்பூ மடல் ஒன்று மிதந்தது. நாங்கள் வாழைப்பூ வாங்கி ஒரு மாதமாவது ஆகியிருக்கும். யார் வீட்டுச் சமையலோ.

அக்கா துடைப்பத்தோடு தள்ளித் தள்ளி ஓய்ந்து போனாள். நான் வாளியில் மொண்டு தெருவில் ஊற்றினேன். ஊற்றியது மறுபடி உள்ளே வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேரும் நிறுத்திவிட்டு முக்காலியில் கால் தூக்கி உட்கார்ந்தோம். மழை விட்டதும் அதுவாக வடிந்தது. வண்டல் மட்டும் பாக்கி. பினாயில் ஊற்றிக் கழுவியும் நாற்றம் கூடம் வரை.

அப்பா கட்டிய ஃபோஸ் நிரம்பாது என்று அக்கா இன்றைக்கும் சொன்னாள். எங்கள் வீட்டில் இது ஏறக்குறைய விசுவாசப் பிரமாணம். பிரெஞ்சுக்காரர் காலத்தில், நான் சென்னையில் படித்துக்கொண்டிருந்தபோது, அக்கா புகுந்த வீட்டில் இருந்தபோது, அப்பா மண்ணுக்குள் கட்டிய கழிவுத் தொட்டி அது. கக்கூசும் குளியலறையும் அதில் போய் விழும். கசடு அடியில் தங்கும். தெளிந்தது குழாய் வழியாகத் தெருக்கால்வாய், அங்கிருந்து பெரிய வாய்க்கால், பிறகு கடல். தெருவிலேயே முதல் ஃபோஸ் எங்களுடையது. அதனால் யாரும் அதைத் திறந்து பார்த்ததே இல்லை.

அக்காவின் கவலை தரை இல்லை. ரோசலி. அவளுடைய ஒரே மகள், விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டவள். போன வருடம் கரு தங்கவில்லை. இந்தத் தடவை ஏழாம் மாதம் வந்துவிட்டது. அடுத்த மாதம் பிரசவத்துக்கு இங்கே அழைத்து வர வேண்டும். மாமியார் சொல்லி அனுப்பியிருக்கிறாள்: "உங்க வீட்ல சாக்கடை ஏறுதாமே. அங்க எப்படிப் பச்ச ஒடம்புக்காரிய வைக்கிறது?" அக்கா இதை என்னிடம் நான்கு தடவையாவது சொல்லிவிட்டாள். மகளை அனுப்பமாட்டார்கள் என்ற பயம் அவள் முகத்திலேயே உட்கார்ந்துவிட்டது.

முட்டி வலி. எட்டாம் வகுப்பு நோட்டுகள் திருத்தாமல் அப்படியே கிடக்கின்றன.

அக். 23, வியாழன்

வெயில். கொத்தனார் மாணிக்கம் வந்தான். நோணாங்குப்பத்துக்காரன். வேலையைவிடப் பேச்சு அதிகம், ஆனால் சொன்ன நாளில் வருகிறான்.

தெருக்கால்வாயில் எங்கள் குழாய் சேரும் இடத்தைத் தோண்டிப் பார்த்தோம். சங்கதி எளிது. இரண்டு வருடத்துக்கு முன் தெருவை உயர்த்திக் கல் பாவினார்கள். தெரு உயர்ந்தது, கால்வாயும் உயர்ந்தது. நாங்கள் இருந்த இடத்தில் இருந்தோம். ஆகவே தாழ்ந்தோம். மழையில் பெரிய வாய்க்கால் நிரம்பினால் கால்வாய்த் தண்ணீர் எதிர்த்து, குழாய் வழியாகத் தொட்டிக்குள் வருகிறது, தொட்டி வழியாகக் குளியலறைக்கு.

மாணிக்கம்: "போற வழியிலயே திரும்பி வருதுன்னா அது மேல தப்பில்ல டீச்சரம்மா. அதுக்கு வழி ஒண்ணுதானே தெரியும்."

அப்பா 'க்ளப்பே' என்று ஒன்று சொல்வார். குழாயின் வாயில் தொங்கும் இரும்புத் தட்டு, மேலே கீல். உள்ளிருந்து தண்ணீர் தள்ளினால் திறக்கும். வெளியிலிருந்து தள்ளினால் மூடிக்கொள்ளும். பழைய கேள்வித்தாளின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினேன். விளிம்புக்கு லாரி டியூப் ரப்பர். சாரம் ஊரில் ஒரு பட்டறைக்காரனைத் தெரியும் என்றான் மாணிக்கம். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க மாமனார் வீட்டுக் கதவு மாதிரி. வெளிய போவலாம், உள்ள வர முடியாது" என்றான்.

சிரித்துவிட்டேன். அக்கா உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

அக். 25, சனி

பகலில் தூறல். சாயங்காலம் ஜெபமாலைக்குத் தெருப்பெண்கள் வந்தார்கள்.

முற்றத்து மூலையில் குகைபோலக் கல்லடுக்கிக் கட்டிய மாதா கெபி அக்காவின் நேர்த்திக்கடன். அத்தான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இந்தோசீனாவில் இருந்தார். உயிரோடு திரும்பினால் லூர்து மாதாவுக்குக் கெபி கட்டுகிறேன் என்று அக்கா நேர்ந்துகொண்டாள். திரும்பினார், கட்டினாள். முற்றத்தில் சிமெண்ட் மேடை ஒன்று தயாராகவே இருந்தது, யாரோ மாதாவுக்கென்றே போட்டு வைத்ததுபோல, என்று சொல்வாள். அப்பா அதற்கு முந்தைய வருடம் போய்விட்டார். நான் அப்போதும் சென்னையில்தான். வேலை. அத்தான் பிறகு மூன்று நான்கு வருடம் இருந்தார். காய்ச்சலில் போனார்.

கெபி வெகுகாலம் சும்மாதான் இருந்தது. இரண்டு மழைக்காலமாகத்தான் அதன் அடிக்கல்லில் தண்ணீர் ஊறுகிறது. நூல்போல ஒரு கசிவு. முதலில் பார்த்தவள் எதிர்வீட்டு பிலோமினா. லூர்தில் மாதா காலடியில் வந்த மாதிரியே இங்கேயும் ஊற்று என்று தெரு முழுக்கச் சொன்னவளும் அவள்தான். விரலில் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். சிலர் சீசாவில் பிடித்துப் போகிறார்கள். அக்கா தினமும் பூசைக்குப் போய்வந்ததும் ஒரு மடக்கு.

மழைக்காலத்தில் கல் கசியும். யாராவது கேட்டால் சொல்வேன். யாரும் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் மனமில்லை. முன்பெல்லாம் அக்கா தெருவில் நடந்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். சொல்தா பென்சன் வாங்கும் இன்னொரு விதவை, அவ்வளவுதான். இப்போது அவளுக்காக நாற்காலி இழுத்துப் போடுகிறார்கள்.

பள்ளியில் தலைமை ஆசிரியை என் குடையை எடுத்துப் போய்விட்டார். அவருடையது என்னிடம். ஓட்டை.

அக். 28, செவ்வாய்

க்ளப்பே பொருத்தியாயிற்று. பட்டறைக்காரன் நன்றாகச் செய்திருக்கிறான். ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். தட்டு மெல்லத் தூக்கி வழிவிட்டு மறுபடி விழுந்தது. அழகாக இருந்தது. என் வயதில் இதையெல்லாம் அழகு என்று எழுதுகிறேன்.

அக்கா விழுப்புரத்துக்குச் சொல்லி அனுப்பினாள், வீடு சரியாகிவிட்டது என்று. மழை பெய்யட்டும், பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றேன். கேட்கவில்லை.

அக். 30, வியாழன்

பெய்தது. தெருத் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. ஆனால் கக்கூஸ் விளிம்பு வரை நிறைந்து நின்றது. எங்கள் தண்ணீர்தான். தட்டு மூடியிருந்தால் வெளியே இருப்பது உள்ளே வராது. உள்ளே இருப்பதும் வெளியே போகாது. இதை நான் முன்பே யோசித்திருக்கவேண்டும். தொட்டியில் இடமிருந்தால் ஒருநாள் மழையை அது தாங்கும். இடமில்லை. கசடு மேல்வரை வந்திருக்கவேண்டும். அப்பாவின் ஃபோஸ் நிரம்பிவிட்டது.

அக்காவிடம் சொன்னேன். நிரம்பாது என்றாள். பிறகு, "நிரம்பினா இன்னா பண்றது?" என்றாள். திறந்து அள்ளவேண்டும். மூடி எங்கே?

தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

அக். 31, வெள்ளி

பள்ளியிலிருந்து வரும்போது மாணிக்கம் கடப்பாரையால் முற்றம் முழுக்கத் தட்டிக்கொண்டிருந்தான். வெற்றிடம் இருந்தால் சத்தம் மாறுமாம். கிணற்றடி, துவைக்கும் கல், மாதுளைச் செடி, பின் வாசல். எங்கும் கெட்டித் தரை. கெபிப் பக்கம் மட்டும் போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, காலில் செருப்பு என்றான். கழற்றிவிட்டுப் போகலாமே என்று எனக்கும் தோன்றவில்லை.

"உங்கப்பாரு பொதையல் பொதைச்ச மாதிரி பொதைச்சிருக்காரும்மா. அதுவும் யாரும் திருடாத பொதையல்."

நவம்பர் 1, சனி

சகல அர்ச்சிஷ்டவர்கள் திருநாள். பூசைக்குப் போனேன், அக்காவுக்காக. மத்தியானம் முதல் கனமழை. தெருவில் போய்ப் பார்த்தேன்: தட்டு இறுக மூடியிருந்தது.

குடை பிடித்துக்கொண்டு பெண்கள் ஜெபமாலைக்கு வந்துவிட்டார்கள். கெபியடியில் கசிவு இன்று நூலாக இல்லை, விரல் தடிமன். பிலோமினாவுக்குப் பரவசம். "திருநாளில்ல, அதான் மாதா அள்ளிக் குடுக்கறாங்க." அக்கா முகத்தில் ஒரு வெளிச்சம். நான் கூடத்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்த்துக்கொண்டே இருந்தபோது புரிந்தது. தட்டை மூடினோம், ஊற்று பெருகிற்று. தெருவை உயர்த்திய வருடம்தான் ஊற்று தொடங்கிற்று. கக்கூசிலிருந்து வாசல் குழாய் வரை மனதில் ஒரு கோடு போட்டேன். கோடு நேராக மாதாவின் காலடி வழியாகப் போகிறது. தயாராக இருந்த சிமெண்ட் மேடை.

உட்கார்ந்துவிட்டேன். சின்னம்மாவுக்கும் பக்தி வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள்.

நவ. 3, திங்கள்

நேற்று கல்லறைத் திருநாள். அப்பா கல்லறையில் மெழுகுவர்த்தி. மூடியை எங்கே வைத்தார் என்று அவரைக் கேட்கவேண்டிய அவசியம் இனி இல்லை.

ஊகம் போதாது, நிரூபிக்கவேண்டும். கக்கூசில் ஏதாவது கலந்து ஊற்றி, கெபியடியில் வருகிறதா என்று பார்ப்பது. என்ன கலப்பது என்பதில்தான் சிக்கல்.

சிவப்பு மசி: கூடாது. மாதா காலடியில் சிவப்பு வந்தால் இரத்தம் என்று முத்தியால்பேட்டை வரை திரண்டு வந்துவிடும்.
நீலகிரித் தைலம்: கூடாது. நறுமணம் வீசியது என்பார்கள்.
பெர்மாங்கனேட்: கசடில் நிறம் போய்விடும்.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் பச்சைச் சாயம் இருக்கிறது, நீரோட்டம் காட்ட வகுப்பில் பயன்படுத்துவது. பச்சைக்கு எந்த அற்புதமும் நினைவுக்கு வரவில்லை.

நவ. 4, செவ்வாய்

அக்கா பூசைக்குப் போன பிறகு ஊற்றினேன். மேலே இரண்டு வாளித் தண்ணீர். காப்பி போட்டுக் குடித்துவிட்டு வந்து பார்த்தேன்.

பச்சை.

கோணிப்பையால் துடைத்து, தேய்த்துக் கழுவி, அக்கா வருவதற்குள் முடித்தேன். கண்டுபிடித்த சந்தோஷம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

பிறகு வந்தது இதைவிட மோசம். அக்கா பூசையிலிருந்து வந்து, அலமாரியில் சிரோப் சீசா ஒன்றைக் காட்டினாள். சனிக்கிழமை பெருகி வந்த தண்ணீர், ரோசலிக்காகப் பிடித்து வைத்தது. போன வருடமும் ஒரு சீசா விழுப்புரத்துக்கு அனுப்பியிருக்கிறாள். மாமியார் வாங்கிக் கீழே கொட்டிவிட்டாளாம். "அதான் போன தடவ தங்கல" என்றாள் அக்கா. "இந்தத் தடவ என் கையால குடுக்கறேன். காலையில வெறும் வயித்துல."

அந்த மாமியாருக்கு நான் மனதுக்குள் நன்றி சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவை.

அக்கா கிணற்றடிக்குப் போனபோது சீசாவைக் காலி செய்து, வெந்நீர் ஊற்றி அலசி, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் நிரப்பி அதே இடத்தில் வைத்தேன். கள்ளத்தனம்தான். இப்போதைக்கு.

நவ. 5, புதன்

இப்போதைக்கு என்று எழுதியது சரியல்ல. அக்கா எந்த நிமிடமும் இன்னொரு சீசா பிடிப்பாள். பிலோமினா வீட்டிலும் இருக்கிறது. தொட்டியைத் திறக்காமல் வீடு உலராது. வீடு உலராமல் ரோசலியை அனுப்பமாட்டார்கள். திறப்பதற்குக் கெபியை இடிக்கவேண்டும். எந்தப் பக்கமாகப் போனாலும் அக்காவிடம் சொல்வதில்தான் முடிகிறது.

பள்ளியில் வாயைத் திறந்தாலே எரிச்சல். ஒரு பெண்ணைக் காரணமில்லாமல் நிற்க வைத்தேன். தலைமை ஆசிரியை குடையைத் திருப்பித் தரவில்லை.

நவ. 6, வியாழன்

சாயங்காலம். லேசான தூறல். அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன். வகுப்பில் சொல்வதுபோல வரிசையாக: தெரு உயர்ந்தது, கால்வாய் எதிர்த்தது, தொட்டி நிரம்பிற்று, மூடி கசிகிறது. மூடி இருக்கும் இடத்தை மட்டும் வாயால் சொல்ல வரவில்லை. கையால் காட்டினேன்.

அக்கா கீரையை விடவில்லை. ஆய்ந்தபடியே கேட்டாள்:

"ரெண்டு வருஷமா குடிக்கிறேன். எனக்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல."

"அப்ப?"

இதற்கு என்னிடம் விளக்கம் உண்டு. சொல்லவில்லை.

"ஒனக்கு நம்பிக்கை கெடையாது லூசி. அதனால எல்லாம் ஒனக்குச் சாக்கடையா தெரியுது."

"நான் நம்பறது இருக்கட்டும் அக்கா. நீயே ஊத்திப் பாரு."

சாயத்தை அவள் கையில் கொடுத்தேன். அவளே ஊற்றினாள், அவளே வாளியைக் கவிழ்த்தாள். இரண்டு முக்காலியைக் கெபியின் முன் போட்டு உட்கார்ந்தோம். ஓட்டைக் குடை இரண்டு பேருக்கும். அவள் ஜெபமாலை உருட்டினாள். நான் எட்டாம் வகுப்பு நோட்டு திருத்தினேன். ஒரு பெண் ஆக்சிஜனுக்கு எடை இல்லை என்று எழுதியிருந்தாள்.

பச்சை வரவேண்டாம் என்று ஒரு நிமிடம் நானும் நினைத்தேன். எழுதி வைக்கிறேன், நாளைக்கு நம்பமாட்டேன்.

வந்தது. கல்லிடுக்கிலிருந்து முதலில் இளம் பச்சை, பிறகு நன்றாக. அக்கா குனிந்து விரலை நீட்டினாள். தொடாமல் இழுத்துக்கொண்டாள்.

விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "பிலோமினா பேத்திக்கு மொட்டை போட்டப்ப இதத்தான் தலையில தெளிச்சாங்க" என்றாள். பிறகு, "இத சாமியாருகிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லணுமா? தெரியாமத்தானே செஞ்சேன்?"

"எனக்குத் தெரியல அக்கா."

உள்ளே போனாள். சீசாவை எடுத்து வந்து கக்கூசில் ஊற்றினாள், கடைசிச் சொட்டு வரை. அது காய்ச்சிய கிணற்றுத் தண்ணீர் என்று நான் சொல்லவில்லை.

நவ. 7, வெள்ளி

அக்கா பூசைக்கும் போகவில்லை. காலை முழுக்கக் கத்தியால் கெபிக் கல்லில் படிந்த மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். இடிக்கப் போகிற கல்லை.

மத்தியானம் ஒரு யோசனை சொன்னேன். நாளைக்குப் பெண்கள் வந்தால், மராமத்து வேலை, மாதாவை உள்ளே வைக்கிறோம் என்று சொன்னால் போதும். வேலை முடிந்தால் ஊற்று தானாக நின்றுவிடும். யாருக்கும் எதுவும் தெரியவேண்டாம். மாணிக்கத்திடமும் வாயை மூடிக்கொள்ளச் சொல்லலாம். பொய்கூட இல்லை, பாதி.

அக்கா என்னைப் பார்த்தாள். வேறு யாரையோ பார்ப்பதுபோல இருந்தது.

மோர் மட்டும் சாப்பிட்டேன். முட்டிக்குத் தைலம்.

நவ. 8, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பெண்கள் வந்தபோது அக்கா தெருவாசலிலேயே நின்றாள். வழிவிடவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இன்னைக்கு இங்க ஜெபமாலை இல்ல. அது மாதா தண்ணி இல்ல. எங்க வீட்டு ஃபோஸ் தண்ணி. அப்பா போட்ட மூடி மேல தெரியாம நான் கெபி கட்டிட்டேன். வீட்டுல யாராவது புடிச்சு வச்சிருந்தா கொட்டிடுங்க. கொழந்தைங்களுக்குக் குடுத்துடாதீங்க."

ஒரே மூச்சில் சொன்னாள். மனப்பாடம் செய்திருந்தாள் என்று தோன்றிற்று.

யாரோ பின்னாலிருந்து சிரித்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிலோமினா சிரிக்கவில்லை. அக்காவைத் தாண்டி என்னைப் பார்த்தாள்.

"படிச்சவங்க சொன்னா நீங்க நம்பிடுவீங்களாக்கா?"

"அவ சொல்லல. நான் பாத்தேன்."

"அப்ப என் மவளுக்குக் கண்ணு தெளிஞ்சுதே, அது இன்னா?"

கண்நோய் பத்து நாளில் தானாகத் தெளியும் என்று நான் சொல்லியிருக்கலாம். பிலோமினா காறித் தெருவில் துப்பிவிட்டுப் போனாள். அது எங்களுக்கா, இரண்டு வருடம் குடித்ததற்கா, தெரியவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில், சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள்: "அதோ, அந்த ஃபோஸ் மாதா வீட்டுக்குப் பக்கத்து வீடு." சிரிப்பு. அக்காவுக்கும் கேட்டிருக்கும். அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

நவ. 12, புதன்

தீபாவளி முடிந்து மாணிக்கம் வந்தான். விஷயத்தைச் சொன்னதும் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டான். மாதா சுரூபத்தைத் தொடமாட்டேன் என்றான். அக்காதான் தூக்கினாள். இடுப்பில் குழந்தையை வைப்பதுபோல வைத்துக்கொண்டு, ரோசலிக்கென்று ஒழித்து வைத்த அறைக்குக் கொண்டுபோனாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள். கடப்பாரைச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் வெளியே வந்தாள்.

கல்லுக்கு அடியில் மேடை. மேடை நடுவில் சதுரமாக ஒரு கீறல், இரண்டு இரும்பு வளையம், துருவேறி. அப்பா எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்திருந்தார். சொல்லாமல் போனது ஒன்றுதான்.

மூடியை நெம்பித் திறந்து இன்று முழுக்கக் காற்றாட விட்டோம். நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் வரிசையாக மூடிக்கொண்டன.

நவ. 13, வியாழன்

பள்ளிக்கு விடுப்பு. முனிசிபாலிட்டி ஆள் சின்னப்பனும் அவன் மைத்துனனும் வந்தார்கள். உள்ளே இறங்கக்கூடாது, கயிறு கட்டி வாளியால் மேலிருந்தே அள்ளவேண்டும் என்று நான் சொன்னேன். கடைசியில் இறங்காமல் முடியாது என்றார்கள். முடிந்தவரை போதும், இறங்கவேண்டாம் என்றேன். சின்னப்பன் என்னை வேடிக்கையாகப் பார்த்தான். "இதுவரைக்கும் எறங்காதடான்னு யாரும் சொன்னதில்லம்மா. சீக்கிரம் எறங்குன்னுதான் சொல்லுவாங்க."

அடியில் கொஞ்சம் தங்கிவிட்டது. தங்கட்டும்.

பீப்பாய் வண்டி எத்தனை நடை என்று எண்ணவில்லை. நான் பார்க்கவில்லை என்பதே உண்மை. பின்வாசலில் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றேன். இவர்கள் தெருத் தெருவாக இதைத்தான் செய்கிறார்கள். என் வீட்டில் மட்டும் இறங்கவேண்டாம் என்று சொல்லி நான் நல்லவள் ஆகிக்கொண்டேன்.

சின்னப்பனும் எங்களைப்போல வேதக்காரன்தான். மூடியைத் திரும்பப் போட்டபோது கையால் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா கட்டியிருக்காரு பெரியவரு. இது மேல கோயிலே கட்டலாம்" என்றான். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான். அக்கா சிரித்தாள். எத்தனை நாளுக்குப் பிறகு. அவர்களுக்குக் கூடத்தில் இலை போட்டாள். வேண்டாம், வெளியே சாப்பிடுகிறோம் என்றார்கள். இரண்டு தடவை கூப்பிட்டாள். வரவில்லை.

செய்யவேண்டியவை:
மூடி விளிம்புக்குச் சுண்ணாம்புச் சாந்து
தட்டின் கீலுக்கு மாதம் ஒருமுறை எண்ணெய்
கனமழை நேரம் வீட்டுக் கழிவுநீரை வாளியில் பிடித்து வைப்பது, ஊற்றக்கூடாது (அக்காவுக்கு மறுபடி சொல்ல)
மூன்று வருடத்துக்கு ஒருமுறை திறக்க
மூடிமேல் பூந்தொட்டிகூட வைக்கக்கூடாது

நவ. 15, சனி

ரோசலி வந்தாள். மாப்பிள்ளை ஜோசப் கொண்டுவந்து விட்டார். விட்டார் என்று எழுத முடியாது. நல்ல மழை ஒன்று பெய்யும் வரை கூடவே இருந்து பார்த்துவிட்டு, தண்ணீர் ஏறினால் திருப்பிக் கூட்டிவரச் சொல்லி அவர் அம்மா உத்தரவு. கூச்சத்தோடு சொன்னார். வந்ததும் குளியலறையில் போய்க் குந்தி, ஓட்டையருகே முகர்ந்து பார்த்தார். ரெயில்வேயில் சரக்குப் பரிசோதனை உத்தியோகம்.

ரோசலி இளைத்திருக்கிறாள், வயிறு மட்டும் பெரிது. முற்றத்து மூலையைப் பார்த்தாள்.

"மாதா எங்கம்மா?"

"ஒன் ரூம்புல."

"ஏன்?"

"ஒனக்குத் துணைக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். ஜெபமாலை நேரம் வந்தது. தெருவிலிருந்து யாரும் வரவில்லை. பிலோமினா வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்டது. இனிமேல் அங்கேதான் போலிருக்கிறது. அக்கா ரோசலிக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தாள். பாட்டு முடியும்வரை பின்னல் முடியவில்லை.

நவ. 17, திங்கள்

காலையிலிருந்தே கடல்பக்கம் கறுத்துக் கிடந்தது. பள்ளி பாதியில் விட்டார்கள். குடை திரும்பிவந்தது, கைப்பிடி உடைந்து.

பொழுது சாயும் நேரம் பிடித்துக்கொண்டது. இந்த வருடத்தில் இதுதான் பெரிய மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். வாசலில் தட்டு மூடிக்கொண்ட சத்தம் கூடம் வரை கேட்டது. சமையல் தண்ணீர், கை கழுவின தண்ணீர் எல்லாம் வாளியில். ரோசலி கேலி செய்தாள்: "சின்னம்மா, அழுதா அதையும் வாளியிலதான் புடிக்கணுமா?"

மாப்பிள்ளை லாந்தர் எடுத்துக்கொண்டு குளியலறையில் நின்றார். நானும் நின்றேன். ஓட்டையைச் சுற்றித் தரை காய்ந்தபடியே இருந்தது. கக்கூசும் அப்படியே. மழை வலுத்தது. நாங்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் அவர் லாந்தரைத் தாழ்த்தி, "சரி, இருக்கட்டும் அவ இங்கயே. நாளைக்கு நான் கெளம்பறேன். அம்மாகிட்ட சொல்லிக்கிறேன்" என்றார். அக்காவிடம் போய்ச் சொல்லுங்கள் என்றேன். இதற்காகத்தானே எல்லாம்.

அக்கா கூடத்தில் இல்லை. அடுப்படியில் இல்லை. முற்றத்தில், மழையில் குந்தியிருந்தாள், மாதா நின்றிருந்த மூடியின் பக்கத்தில். ரோசலி கதவைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"அம்மா, நனையாத. உள்ள வா. அங்க இன்னா பாக்கற?"

"தண்ணி வரலடி."

"நல்லதுதானே?"

"நல்லதுதான்."

எழுந்திருக்கவில்லை. குடை கையில் இருந்தது. அதை அவள் தன் தலைக்குப் பிடிக்கவில்லை, மூடியின் மேல் மழை விழாமல் பிடித்திருந்தாள்.